தில்லி முதல் யாழ்ப்பாணம் வரை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோடை விடுமுறையில் சொந்தக் காரிலேயே ஊர் போய்வரும் வழக்கம் நமது காலனியில் பெருகியிருக்கிறது. அவ்வாறு செல்வோருள் சிலர், "நாகப்பட்டினம் வரை போகிறோமே, வண்டியோடு கப்பலேறி யாழ்ப்பாணமும் போனால் என்ன?" என்று எம்மைக் கேட்கின்றனர். இரயில்வேயில் பணிபுரிவோருக்குக் கப்பல் நேரமும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். அதுவும் முற்றும் தவறன்று.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்ற பின், எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறைவரை இரயிலில் சென்று, கப்பலேறி, 20 மைலுக்குச் சற்று மிகுதியான கடலைக் கடந்து, தலைமன்னாரில் வேறோர் இரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். அதுவே 'போட் மெயில்'. அதன் சிறப்பு வேகம் அன்று. இரயிலும் கப்பலும் ஒன்றற்கொன்று இணைப்பாக அமைந்ததே சிறப்பு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியையும், அங்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் இரயிலையும் கொண்டுபோயிற்று. பின்பு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும், இலங்கையில் போர் மூண்டபோது 1980-களில் நின்றது. 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய கப்பல் சில மாதங்களே நீடித்தது.

2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம். ஆனால் அது ஆட்களையும் அவர்தம் மூட்டைகளையும் ஏற்றும் கப்பல், கார் ஏறாது. ஏறினாலும், அயல்நாட்டுக்கு வண்டி கொண்டுசெல்லச் சுங்கப் பிணைப்பத்திரம் வேண்டும். பத்து நாள் பயணத்துக்கு அத்தனை பாடு எதற்கு? காரைக் கப்பலில் ஏற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் உடையோர் குஜராத்துக்குப் போகலாம். 2020 நவம்பர் முதல் கோகாவுக்கும் ஹஜீராவுக்கும் இடையே அத்தகைய கப்பல் விடப்பட்டது. சாலையில் 370 கிலோமீட்டர், கடலில் 90.

ஆகவே வண்டியை நாகையில் உறவினர் வீட்டில் நிறுத்திவிடுங்கள். திட்டத்தைத் தில்லியிலிருந்து தொடங்காமல், கப்பல் புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் வழி. குழந்தைகளோடு நாளொன்றுக்கு 500-க்கு மேல் ஓட்டுவது நமக்கு உடன்பாடு இல்லை. ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் நாகையில் இளைப்பாறுங்கள். வழியில் டயர் வெடித்தால் அந்த நாள்தான் கைகொடுக்கும். தீபாவளியை ஒட்டிய விடுமுறை வேண்டா. அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கப்பல் நிற்கும். குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அங்கே வாடகைக் கார் ஓட்ட விரும்புவோர் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை இங்கேயே பெறுதல் நன்று. அங்கும் வண்டிகள் சாலையின் இடப்புறமே செல்கின்றன. ஓட்ட விரும்பாதோருக்குக் காங்கேசன்துறை இருப்புப்பாதை 2015-இலேயே சீர்செய்யப்பெற்றது.

யாழ்ப்பாணத்தோடு கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இது உல்லாசப் பயணம் அன்று. திருமணமோ, கருமாதியோ, குறித்த நாளில் போய் நின்றாக வேண்டும். அவர்கள் முதல் நாள் கப்பலை நம்ப வேண்டா. மூன்று நாள் முன்னரே கடலைக் கடந்துவிடுங்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால், 2019-இல் மீண்டும் தொடங்கிய சென்னை–பலாலி விமானத்தில் இடம் உண்டா என்று அன்றே விசாரியுங்கள். அதற்கான பணத்தைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு புறப்படுங்கள்.