எந்த வண்டியில் போவது?

(வளர்கல்வி மையக் கூட்டம் ஒன்றில் பேசிய உரை)

 

எழுத்து தெரியாத காலத்தில் பஸ் நிலையத்துக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்கள். "அண்ணே, இது எந்த ஊர் பஸ்?" அவர் சொன்னதை நம்பி ஏறினார்கள். சில நாள் சரியான ஊரில் இறங்கினார்கள். சில நாள் வேறு ஊரில் இறங்கித் தவித்தார்கள்.

எழுதப் படிக்கக் கற்ற பிறகு நிலைமை மாறியது. இப்போது அவர்களே போர்டைப் படிக்கிறார்கள். எது சாதா வண்டி, எது விரைவு வண்டி என்று பார்க்கிறார்கள். கையில் உள்ள காசைப் பார்க்கிறார்கள். பிறகு ஏறுகிறார்கள். படிப்பு கொடுத்த முதல் தைரியம் அதுதான்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் இன்னொரு பஸ் நிலையம் இருக்கிறது. அதுதான் போன். ஆனால் அங்கே பலர் இன்னும் போர்டைப் படிப்பதில்லை. முன்னால் நிற்கும் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அந்த வண்டியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

உலாவி என்றால் என்ன?

இணையம் ஒரு பெரிய ஊர். அங்கே பேங்க் இருக்கிறது. அரசு அலுவலகம் இருக்கிறது. கடை இருக்கிறது. பத்திரிகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரியைச் சொன்னால் அங்கே கூட்டிப்போய்க் காட்டும் வண்டிதான் பிரவுசர். தமிழில் அதற்கு உலாவி என்று பெயர்.

பலர் கூகுளும் குரோமும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூகுள் என்பது கேட்டதைத் தேடித் தரும் இடம். குரோம் என்பது வண்டி. இரண்டையும் நடத்துவது ஒரே கம்பெனி. அவ்வளவுதான். வேறு வண்டியில் ஏறியும் கூகுளுக்குப் போகலாம்.

முதல் உலாவி 1990-ல் பிறந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் அதை எழுதினார். சுவிட்சர்லாந்து நாட்டில் செர்ன் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் வேலை பார்த்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல்.

ஒரே வண்டி ஓடினால் என்ன ஆகும்?

ஓர் ஊருக்கு ஒரே ஒரு பஸ்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வந்ததுதான் நேரம். அவன் சொன்னதுதான் கட்டணம். சீட் கிழிந்தாலும் தைக்க மாட்டான். உலாவியிலும் இது நடந்தது.

1994-ல் நெட்ஸ்கேப் என்ற உலாவி வந்தது. எல்லோரும் அதை விரும்பினார்கள். 1995-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற உலாவியைக் கொண்டுவந்தது. விரைவிலேயே கம்ப்யூட்டர் வாங்கும்போதே அது உள்ளே இருந்தது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். இருப்பதை விட்டு வேறு எதற்கு என்று மக்கள் இருந்துவிட்டார்கள். 1998-ல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. ஆனால் அதற்குள் நெட்ஸ்கேப் சரியத் தொடங்கியிருந்தது.

பிறகு என்ன நடந்தது? 100 பேரில் 90 பேருக்கு மேல் ஒரே உலாவியைப் பயன்படுத்தினார்கள். போட்டி இல்லை. 2001-ல் அதன் 6-ஆம் பதிப்பு வந்தது. அடுத்த பதிப்பு 2006-ல்தான் வந்தது. நடுவில் ஐந்து வருடம்! அதில் இருந்த ஓட்டைகள் வழியாகத் திருட்டு நிரல்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்தன. 2004-ல் ஃபயர்பாக்ஸ் என்ற புதிய உலாவி வந்தது. மக்கள் மாறத் தொடங்கினார்கள். அதன் பிறகே தூங்கியவர் விழித்தார். கடைசியில் 2022 ஜூன் மாதம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஓய்வு பெற்றது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுக்காவிட்டால், செய்கிறவனுக்குக் கவலை இல்லை.

நம் நாட்டிலும் வழக்கு

இன்று இந்தியாவில் பெரும்பாலோர் குரோமைத்தான் பயன்படுத்துகிறார்கள். காரணம் என்ன? ஆண்ட்ராய்டு போன்களில் அது கடையிலிருந்தே வருகிறது.

இது சரியா என்று இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. தன் செயலிகளை மொத்தமாகப் போனில் வைக்கும்படி போன் கம்பெனிகளை கூகுள் கட்டாயப்படுத்தியது தவறு என்றது. 2022 அக்டோபரில் ரூ. 1,337 கோடி அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீடு செய்தது. 2023 மார்ச்சில் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆணையத்தின் உத்தரவுகளில் சிலவற்றை மட்டும் நீக்கியது.

முதலில் கண்ணில் படும் இடத்துக்கு என்ன விலை? அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு கணக்கு வெளிவந்தது. மற்றவர்களின் போனிலும் உலாவியிலும் தன் தேடும் வசதியே முதலில் இருக்க வேண்டும் என்று கூகுள் பணம் கொடுத்தது. 2021-ல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. எதற்கு இவ்வளவு? முதலில் கைக்கு வந்ததை மக்கள் மாற்ற மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மக்கள் மாற்றாமல் இருப்பதற்குத்தான் அந்த விலை.

வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

வண்டி வாங்குகிறவர் என்ன கேட்பார்? நன்றாக ஓடுமா? பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்? சர்வீஸ் கிடைக்குமா? உலாவிக்கும் இவையே கேள்விகள். டேட்டாதான் பெட்ரோல். அப்டேட்தான் சர்வீஸ். இன்னொரு கேள்வியும் உண்டு. வண்டி இலவசம் என்றால், ஓட்டுகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

குரோம்: வேகமானது. அநேகமாக எல்லாப் பக்கமும் இதில் திறக்கும். அப்டேட் அடிக்கடி வரும். ஆனால் போனின் மெமரியை நிறைய எடுத்துக்கொள்ளும். கூகுளின் முக்கிய வருமானம் விளம்பரம். யார் எங்கே போனார், எதைப் பார்த்தார் என்று தெரிந்தால் விளம்பரம் நன்றாக விற்கும். போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வேவு பார்க்கும் குக்கி என்ற சின்னச் சீட்டுகள் உண்டு. அவற்றைக் குரோமிலிருந்து ஒழிப்போம் என்று கூகுள் 2020-ல் சொன்னது. 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

ஃபயர்பாக்ஸ்: இதன் சொந்தக்காரர் மொசில்லா அறக்கட்டளை. லாபத்துக்காக நடப்பது அல்ல. வேவுச் சீட்டுகள் பலவற்றை இது தானாகவே தடுக்கும். போனிலும் விளம்பரத் தடுப்பான் சேர்த்துக்கொள்ளலாம். குறையும் உண்டு. சில பக்கங்கள் இதில் சரியாகத் திறக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதன் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பதுதான்.

ஓபரா மினி: மைலேஜ் வண்டி. பக்கத்தைத் தன் இடத்துக்கு வரவழைத்து, சுருக்கி, பிறகு போனுக்கு அனுப்பும். அதனால் டேட்டா மிகவும் மிச்சமாகும். சிக்னல் குறைந்த ஊரில் செய்தி படிக்க நல்லது. ஆனால் நடுவில் இன்னொருவர் கை படுகிறது. பணம் அனுப்பும் வேலைக்கு இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எட்ஜ், பிரேவ், உலா: இவை மூன்றும் குரோமின் என்ஜினைக் கொண்டவை. ஒரே என்ஜின் மேல் வேறு வேறு பாடி கட்டியது போல. எட்ஜ் மைக்ரோசாஃப்டினுடையது. பிரேவ் விளம்பரங்களைத் தானாகவே தடுக்கும். உலா சென்னையில் தலைமையகம் கொண்ட சோஹோ கம்பெனி 2023-ல் கொண்டுவந்தது. அதன் பெயரே தமிழ்ப் பெயர்.

இன்னொரு வண்டியும் இருந்தது. அதன் பெயர் யூசி பிரவுசர். லேசானது என்று பலர் வைத்திருந்தார்கள். 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. யூசி பிரவுசரும் அதில் ஒன்று. பழைய போனில் இன்னும் இருந்தால் நீக்கிவிட வேண்டும். அதற்கு இனி சர்வீஸ் கிடையாது.

தையல்கார அக்காவின் கதை

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தையல்கார அக்கா. அவரிடம் இருப்பது பழைய போன். ஆண்ட்ராய்டு 9. ஒரு நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. "மின் கட்டணம் பாக்கி. இன்று இரவு 9 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே கட்டவும்." கீழே ஒரு நீல எழுத்து முகவரி.

அக்காவுக்குக் கை நடுங்குகிறது. கரண்ட் போனால் மெஷின் ஓடாது. நாளைக்கு ஆறு ஜாக்கெட் கொடுக்க வேண்டும். நீல எழுத்தைத் தொடுகிறார். மின்வாரியத்தின் படத்தோடு பக்கம் திறக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறார்.

"கண்ணு, இதுல கார்டு நம்பர் கேக்குது. போடட்டுமா?"

"கொஞ்சம் இருங்க அக்கா. பழைய பில் இருக்கா? எடுத்துட்டு வாங்க. அதுல மின்வாரியத்தோட முகவரி அச்சடிச்சிருக்கும். மேலே இருக்கிற முகவரியோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க."

அக்கா மையத்தில் ஆங்கில எழுத்தும் கற்றவர். விரல் வைத்துப் படிக்கிறார். முதல் எழுத்துகள் சரியாக இருக்கின்றன. கடைசியில் பில்லில் ஒன்று இருக்கிறது. போனில் எக்ஸ், ஒய், இசட் என்று இருக்கிறது.

"கண்ணு, வால் மாறியிருக்கே!"

"அதுதான் அக்கா திருட்டு. மூடுங்க."

அக்காவின் ஒரு மாதச் சம்பாத்தியம் அன்று தப்பியது. காப்பாற்றியது எது? போன் அல்ல. படிப்பு.

பிறகு அந்தப் பெண் போனைப் பார்க்கிறாள். குரோம் அப்டேட் ஆகவில்லை. 2025-ல் ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்குப் புதிய பதிப்பு தருவதைக் குரோம் நிறுத்திவிட்டது. சர்வீஸ் இல்லாத வண்டியில் பணத்தோடு போகலாமா? புதுப் போன் வாங்க அக்காவிடம் காசு இல்லை. அந்தப் போன்களுக்கு ஃபயர்பாக்ஸ் அப்போதும் அப்டேட் கொடுத்துவந்தது. பிளே ஸ்டோரிலிருந்து அதை எடுத்து வைத்தாள். செய்தி படிக்க ஓபரா மினியையும் வைத்தாள். பணத்துக்கு ஒன்று, பொழுதுக்கு ஒன்று. செலவு ஒரு காசும் இல்லை.

போர்டைப் படிப்பது எப்படி?

எந்த வண்டியில் போனாலும் போர்டைப் படிக்க வேண்டும். மேலே உள்ள கட்டத்தில் முகவரி இருக்கும். அதைத் தொட்டால் முழுவதும் தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் எதில் முடிகிறது என்று பாருங்கள். அதுதான் முக்கியம்.

இந்திய அரசு அலுவலகங்களின் முகவரி பெரும்பாலும் 'டாட் ஜி-ஓ-வி டாட் இன்' அல்லது 'டாட் என்-ஐ-சி டாட் இன்' என்று முடியும். பேங்குகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பூட்டுப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே அதன் பொருள். போய்ச் சேரும் வீடு நல்ல வீடு என்று அது சொல்வதில்லை. திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு உண்டு.

சிவப்பு நிறத்தில் எச்சரிக்கைப் பக்கம் வந்தால் திரும்பிவிடுங்கள்.

அடுத்தவர் போனில் பிள்ளையின் ரிசல்ட் பார்க்கிறீர்களா? 'இன்காக்னிட்டோ' என்ற தனி ஜன்னலில் பாருங்கள். மூடியதும் பார்த்த பக்கங்களின் வரலாறு அந்தப் போனில் நிற்காது. ஆனால் இணையக் கம்பெனிகளின் கண்ணுக்கு அது மறைப்பு அல்ல. 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

மாற்றுவது எப்படி?

பிளே ஸ்டோரில் மட்டும் உலாவியை எடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை எடுக்க வேண்டாம். பிறகு செட்டிங்ஸ் போங்கள். ஆப்ஸ் என்பதைத் தொடுங்கள். டீஃபால்ட் ஆப்ஸ் என்பதைத் தொடுங்கள். அதில் பிரவுசர் ஆப் என்று இருக்கும். விருப்பமானதைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி மாற்றலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே! குரோமே போதும் என்று தோன்றினால் குரோமே இருக்கட்டும். ஆனால் அது நீங்கள் பார்த்து வைத்ததாக இருக்கட்டும். யாரோ ஏற்றிவிட்ட வண்டியாக இருக்க வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் போனைத் திறந்து பாருங்கள். உங்கள் உலாவியின் பெயர் என்ன? அதைச் செய்தவர் யார்? கடைசியாக எப்போது அப்டேட் ஆனது? அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள்.