முரசுகட்டிலும் அரண்மனைப் படியும்

(திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூர் இரும்பு அங்காடியில் இரும்பை எடை பார்த்து மதிப்பிடுகின்றனர். அறிஞனை எதைக் கொண்டு மதிப்பிடுவது? வேந்தன் அவனுக்குக் கொடுத்த பொருளைக் கொண்டா? வேந்தன்முன் அவன் நின்ற நிலையைக் கொண்டா?

ஐரோப்பாவின் 18-ஆம் நூற்றாண்டை அறிவொளிக் காலம் என்பர். பிரசிய மன்னன் இரண்டாம் பிரெடரிக்கு, 1750-இல் பிரெஞ்சு அறிஞர் வோல்தேரைத் தன் பொட்சுடாம் அரண்மனைக்கு வரவழைத்தான். பட்டமும் பெரும்பொருளும் அளித்தான். மன்னன் எழுதிய பிரெஞ்சுப் பாக்களைத் திருத்துவது அவ்வறிஞரின் பணிகளுள் ஒன்று. பெர்லின் அறிவியற் கழகத் தலைவரை எள்ளி வோல்தேர் ஒரு நூல் எழுதினார். 1752-இல் மன்னன் ஆணையால் அந்நூல் தெருவில் எரிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் வெளியேறியபோது, மன்னனின் பாத்தொகுதியைத் திருப்பித் தருமாறு கேட்டு, பிராங்குபர்ட்டில் ஐந்து கிழமை அளவும் அவரைத் தடுத்து வைத்தனர்.

அயல்மொழி அறிஞர்க்கே இந்நிலை. தாய்மொழி அறிஞர்க்கோ வாயிலே அடைபட்டிருந்தது. செருமானிய அறிஞர் இலெசிங்குக்கு அரச நூலகப் பணியை மறுத்த அம்மன்னன், பிரெஞ்சுக்காரர் ஒருவரையே அதில் அமர்த்தினான். 1780-இல் செருமானிய இலக்கியத்தைப் பழித்து அவன் வெளியிட்ட நூலும் பிரெஞ்சு மொழியிலேயே இருந்தது!

இனி, நம் புறநானூற்றைப் பாருங்கள். மோசிகீரனார் களைப்பால் முரசுகட்டிலில் ஏறி உறங்கிவிட்டார். அதற்குரிய ஒறுப்பு வாள்வீச்சு. பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை விடுத்து, அவர் விழிக்கும்வரை நின்று விசிறினான். அதியமான் தம்மை நேரில் காணாமலே பரிசில் அனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதனை மறுத்தார்; பொருளுக்குப் பாட்டை விற்கும் வணிகர் தாம் அல்லர் என்றார். இவர் செல்வரா? அல்லர். தம் தாயும் மனைவியும் மக்களும் பசியால் வாடியதைக் குமணனிடம் பாடியவரும் இவரே. பசித்த வயிற்றோடு மறுத்தமையே அம்மறுப்பின் பெருமை.

அந்நிலை பின்னர் ஏன் தாழ்ந்தது? அரியணையின் மொழி மாறியது! வோல்தேர் காலத்திலேயே இங்கு வாழ்ந்தவர் சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779). அன்று தஞ்சையை ஆண்டவர் மராட்டியர். அவ்வரண்மனையில் மராட்டியும் தெலுங்கும் சமற்கிருதமும் ஓங்கி நின்றன. இராம நாடகம் பாடிய கவிராயரைப் போற்றிப் புரந்தவர், இவ்வூரின் அண்டையிலுள்ள மணலியின் பெயர் தாங்கிய முத்துக்கிருட்டிண முதலியார். கும்பினியாரிடம் இருமொழியாளராய்ப் பணியாற்றியவர். அவர் கொடை போற்றத்தக்கதே. ஆயினும் தமிழ்ப் புலவர் தமிழ்நாட்டில் அரியணையை நம்பாது, வெள்ளையரை அண்டிப் பொருளீட்டியவரின் வாயிலை நாடவேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இன்று முடியரசு இல்லை. ஆனால் விருது உண்டு, பொற்கிழி உண்டு, பதவி உண்டு. அவற்றுக்காக வாய்மூடும் புலவனைப் பழிப்பது எளிது. அவன் நூலை விலை கொடுத்து வாங்காத நமக்கு அப்பழியில் பங்கில்லையா? உழைப்பவர் ஒவ்வொருவரும் தம் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியைத் தமிழ்நூலுக்கும் தமிழிதழுக்கும் ஒதுக்கட்டும். மக்கள் புரக்கும் புலவன் எந்த வாயிலிலும் தலைகுனியான்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!