குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வெப்பத்தைக் காப்பது எப்படி?

(சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுக்கு வந்திருந்த ரப்பர் தோட்ட மக்களிடையே, ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நாம் கூடியிருக்கும் இச்சிராங்கூன் சாலை வட்டாரத்தில், தேக்கா சந்தையில் ஒரு காலத்தில் உயிர்க்கோழிகள் கூடை கூடையாக விற்கப்பட்டன. இன்று அங்கே உயிர்க்கோழி இல்லை. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதியும் இல்லை. அப்படியிருக்க, இவ்வூர்க்காரன் கோழிக்குஞ்சைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் எண்ணக்கூடும். 1960களிலும் 1970களிலும் சிங்கப்பூரின் கம்பங்களில் கோழி இல்லாத வீடு அரிது. அக்காலத்தில் செம்பவாங் வட்டாரத்தில் ரப்பர் மரங்களுக்கிடையே வளர்ந்தவன் நான். அங்கே நான் செய்த ஒரு தவற்றை நீங்களும் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

எனக்கு அப்போது வயது பத்தொன்பது. பழைய சோப்புப் பெட்டி ஒன்றில் மின்விளக்கைப் பொருத்திக் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று செய்தேன். முட்டை வாங்கப் பணமில்லை. என் தாயார் அண்டை வீடுகளில் சொல்லி, பிறக்கும் குஞ்சுகளில் பாதி அவர்களுக்கு என்ற பேச்சின்மேல் 30 முட்டைகள் பெற்றுத் தந்தார். வெப்பமானி சரியான அளவையே காட்டியது. நானும் நிம்மதியாக இருந்தேன். பத்தொன்பதாம் நாளே இரண்டு குஞ்சுகள் வெளிவந்தன. தொப்புள் ஆறாத அவ்விரண்டும் மறுநாளே மடிந்தன. மற்ற முட்டைகள் அசையவே இல்லை. உடைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் பாதி வளர்ந்த குஞ்சுகள் இறந்துகிடந்தன.

என் தாயார் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. தம்மிடமிருந்த இரண்டு பெட்டைக் கோழிகளையும் அண்டை வீட்டாருக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார். அம்மௌனமே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். டிரெஸ்ஸரிடம் காய்ச்சல்மானியை இரவல் பெற்று, அதையும் என் வெப்பமானியையும் வெதுவெதுப்பான நீரில் ஒருசேர வைத்தேன். காய்ச்சல்மானி 39.5 டிகிரி காட்டியபோது என்னுடையது 38 மட்டுமே காட்டியது. ஒன்றரை டிகிரிப் பிழை! அதைத் திருத்திக்கொள்ளாமல் நம்பியதனால், அத்தனை உயிர்கள் ஓட்டுக்குள்ளேயே வெந்தன.

ஆகவே நண்பர்களே, முதற்பாடம் இது: முட்டை வைக்கும் முன் வெப்பமானியைச் சோதியுங்கள். சோதிக்கும் நீர் 42 டிகிரியைத் தாண்டலாகாது. தாண்டினால் காய்ச்சல்மானி பழுதாகும். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டுங்கள்.

இனி, எவ்வளவு வெப்பம் வேண்டும்? காற்றைச் சுழற்றும் சிறு விசிறியுள்ள பெட்டியில் எங்கும் வெப்பம் ஒரே சீராயிருக்கும், அதில் 37.5 டிகிரி செல்சியஸ் போதும். விசிறியில்லாப் பெட்டியில் மேலே சூடாகவும் கீழே தணிந்தும் இருக்கும். ஆதலால் முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் 38.5 முதல் 39 டிகிரி வரை இருக்க வேண்டும். வெப்பமானியின் குமிழ் அம்மட்டத்திலேயே இருத்தல் வேண்டும். மூடியிலோ சுவரிலோ தொங்கவிட்டால் அது முட்டையின் நிலையைச் சொல்லாது.

பண்டைக்காலந்தொட்டு எகிப்து நாட்டில் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தவர்கள், முட்டையைத் தம் கண்ணிமைமேல் வைத்தே அதன் சூட்டை அறிந்தார்கள். சிங்கப்பூரில் ஏறத்தாழ மறைந்துபோயிருந்த இருவாச்சிப் பறவையை மீண்டும் பெருகச் செய்த முயற்சியிலும், அறிஞர்கள் கூட்டுப்பெட்டிக்குள்ளேயே கருவி வைத்து வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்தார்கள். இரண்டிலும் உண்மை ஒன்றே: முட்டை இருக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும்.

உங்களுக்குப் புகைக்கூடம் தெரியும். நெருப்பு மிஞ்சினால் ரப்பர் சீட்டில் கொப்புளம் எழும். குறைந்தால் உலர நாளாகும். பெட்டியிலும் இதுவே விதி. வெப்பம் சற்றுக் குறைந்தால் குஞ்சு ஓரிரு நாள் தாமதமாக வரும். வெப்பம் மிகுந்து, 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் நீடித்தால் கரு மடியும். தாய்க்கோழியும் நாள்தோறும் இரை தேட எழுந்து செல்கிறது. அதனால் முட்டை கெடுவதில்லை. மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றால் அஞ்ச வேண்டா. மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கனத்த துணியால் போர்த்துங்கள். காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள்.

குளிர்நாட்டார் எழுதிய நூல்கள், வெப்பம் குறையாமல் காப்பதையே பெரிதும் வற்புறுத்தும். நம் நாட்டு நிலை வேறு. இங்கே பகற்பொழுது 31, 32 டிகிரி சாதாரணம்; தகரக் கூரை வீட்டினுள் நண்பகலில் அதனினும் மிகும். பன்னிரண்டாம் நாளுக்குப் பின் வளரும் குஞ்சே தன் உடலிலிருந்து வெப்பத்தை வெளிவிடத் தொடங்குகிறது. வெளியே வெயில், உள்ளே குஞ்சின் சூடு. இரண்டுக்கும் நடுவே வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். விளக்கு அணைந்திருக்கும்போதும் வெப்பமானி ஏறும் அபாயம் அப்போதுதான். ஆதலால் பெட்டியைக் கூரைக்கு அருகிலோ, வெயில் விழும் சுவரோரத்திலோ வைக்காதீர்கள். வீட்டின் குளிர்ந்த மூலையே தக்க இடம். கடைசி வாரத்தில் நண்பகலில் கட்டாயம் ஒருமுறை வெப்பமானியைப் பாருங்கள். ஏறியிருந்தால் துளைகளை அகலத் திறந்துவிடுங்கள்.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும். முட்டைக்கு வேண்டிய சூட்டைத் தராது. பழைய இழை விளக்கோ, சூடேற்றும் கம்பியோ தேவை. பெரிய விளக்கு ஒன்றைவிடச் சிறிய விளக்குகள் இரண்டு மேல். ஒன்று அணைந்தாலும் மற்றது காக்கும். தெர்மோஸ்டாட் பொருத்திய பின் முட்டையில்லாமல் ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்கள். மின்கம்பி வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

ஈரப்பதத்திலும் நம் நாடு தனித்தன்மை உடையது. நமது காற்றில் நீராவி மிகுதி. 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடேறும்போது, அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 47 விழுக்காடாகிறது. முதல் 18 நாட்களுக்கு வேண்டியது சுமார் 50 விழுக்காடே. ஆகவே சிறு கிண்ணத்தில் சிறிது நீர் போதும். நீர் மிகுந்தால் முட்டையின் ஈரம் வற்றாது, காற்றறை வளராது, குஞ்சு மூச்சுத்திணறி மடியும். பதினெட்டாம் நாளுக்குப் பின் மட்டும் அகன்ற தட்டில் நீர் வைத்து, 65 முதல் 70 விழுக்காடு வரை உயர்த்துங்கள்.

வெப்பத்தைக் காப்பது பெட்டியில் தொடங்குவதில்லை. முட்டை சேர்க்கும்போதே தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளில், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றின் வழிவந்த 22 நாற்றுகள் 1877இல் இச்சிங்கப்பூருக்கு வந்தன. ரப்பர் விதை நெடுநாள் காத்திராது. முட்டையும் அப்படியே. நம் வீட்டின் 27, 28 டிகிரிச் சூட்டில் கரு அரைகுறையாக விழித்து, பின் சோர்ந்துவிடும். ஆகவே மூன்று நான்கு நாட்களுக்குள் சேர்த்த முட்டைகளையே வையுங்கள். குளிர்பெட்டியின் கடுங்குளிரும் ஆகாது.

முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, 18ஆம் நாள் வரை தினம் மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். அதன்பின் திருப்ப வேண்டா. மூடியையும் திறக்க வேண்டா. ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்துக் கூமுட்டைகளை நீக்குங்கள். பெட்டியைத் தொடும் முன்னும் பின்னும் சோப்பினால் கைகழுவுங்கள்.

இருபத்தொன்றாம் நாளே உங்கள் பெட்டிக்குத் தேர்வு நாள். குஞ்சுகள் பத்தொன்பதாம் நாளே வந்தால் வெப்பம் மிகுதி. இருபத்து மூன்றாம் நாள் வந்தால் வெப்பம் குறைவு. அதைக் குறித்துவைத்து, அடுத்த முறை அரை டிகிரி மாற்றுங்கள். காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் வெப்ப அளவை ஒரு பள்ளிப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அப்பொறுப்பைக் கொடுத்தால் அறிவியலும் வளரும்.

அடுத்த ஆண்டு நான் மீண்டும் 30 முட்டைகள் வைத்தேன். முட்டை தர முதலில் முன்வந்தவர், முன்பு இழந்த அதே அண்டை வீட்டு அம்மையார்தாம். 23 குஞ்சுகள் பொரித்தன. அவருக்கு உரிய பாதியை என் தாயாரே கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் நான் கண்ட மலர்ச்சியை இன்றளவும் மறவேன்.

வெப்பம் குறைந்தால் தாமதம், மிகுந்தால் மரணம். இதனை மனத்திற்கொண்டு தொடங்குங்கள். முதலில் பத்து முட்டைகள் போதும். உங்கள் முயற்சி வெற்றி பெறுக!