ஹேவ் என்றொரு வினைச்சொல்
(ஆண்டுக் கூடல் விழாவில் ஆற்றிய உரை)



அரசியல் வேண்டாம், அறிவுரை வேண்டாம், பத்து நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு வினைச்சொல்லோடு வந்திருக்கிறேன். ஹேவ்.

நான் இங்கே ஆங்கிலப் பாடம் நடத்தத் தொடங்கிய புதிது. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவனை எழுப்பி, உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லப்பா என்றேன். 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்றான். நான் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் மூன்று வருஷமும் அவன் என் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. தப்பு அவன் மேல் இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு.

யோசித்துப் பாருங்கள். இந்த ஹேவுக்குத் தமிழில் நாம் அன்றாடம் பேசுகிற நேர்ச்சொல் ஏது? 'எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க' என்கிறோம். நான்காம் வேற்றுமை உருபான 'கு'வைப் போட்டு, 'இரு' என்ற வினையைச் சேர்க்கிறோம். கையில் உள்ள பொருள் என்றால் 'என்கிட்ட பேனா இருக்கு'. இந்த வாக்கியங்களில் நான் எழுவாயே இல்லை. அக்காதான், பேனாதான் எழுவாய். இந்திக்காரரும் 'மேரே பாஸ்' என்றுதான் ஆரம்பிக்கிறார். ருஷ்ய மொழியிலும் 'என்னிடம் உண்டு' என்கிற அமைப்புத்தான். ஆக, நாம் மட்டும் தனியாக நிற்கவில்லை!

இன்னும் இருக்கு. 'ஐ ஹேவ் கம்' என்றால் வந்திருக்கிறேன். அங்கேயும் இரு. 'ஐ ஹேவ் டு கோ' என்றால் எனக்குப் போக வேண்டியிருக்கு. அங்கேயும் அதே இரு. எனக்குப் பாடம் சொன்னவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. மாமல்லபுரம் பஸ்ஸில் போகும்போது தானாகத் தோன்றியது.

சரி, 'ஹேவிங்' எங்கிருந்து வந்தது? 'கிறு' வந்தால் ஆம், இஸ், ஆர் போட்டு 'இங்' சேர் என்று பள்ளிக்கூடத்தில் நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். 'இருக்கிறது' என்பதில் 'கிறு' இருக்கிறதே! 'கார் வெச்சிருக்கேன்' என்பதிலும் அந்த நிகழ்காலம்தான். பையன் சொன்னபடி செய்தான்.

ஒரு சோதனை சொல்கிறேன். பாதியில் நிறுத்தக்கூடிய காரியமா என்று கேளுங்கள். காபி குடிப்பதைப் பாதியில் நிறுத்தலாம். 'ஐ ஆம் ஹேவிங் காஃபி' சரி. அக்காவைப் பாதியில் நிறுத்த முடியுமா? அங்கே 'ஐ ஹேவ்'தான்.

அன்று கடற்கரைக் கோயிலில் ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரத் தம்பதியிடம், 'திஸ் டெம்பிள் இஸ் ஹேவிங் த்ரீ ஷ்ரைன்ஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிவனுக்கு இரண்டு, நடுவே பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒன்று. ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பியது. அது என்ன பாதியிலா நிற்கிறது? 'ஹேஸ்' என்பதே சரி. பரீட்சையிலும் இண்டர்வியூவிலும் அப்படியே எழுதுங்கள், சொல்லுங்கள். ஆனால் அந்தத் தம்பதி சிரிக்கவில்லை, மூன்று சந்நிதியையும் பார்க்கப் போனார்கள். நானும் அவரைத் திருத்தவில்லை.

அந்தப் பையனின் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேடையில் சொல்ல மாட்டேன். தம்பி இந்தக் கூட்டத்தில் இருந்தால் டீ சாப்பிடும் நேரத்தில் என்னிடம் வரவேண்டும். அக்கா ரெண்டு பேரும் எப்படி இருக்காங்கன்னு கேட்கணும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம்.