சவுக்கு மரத்துக்கும் தாகம் உண்டு

டிசம்பர் பிறந்தால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். நம் பக்கம் எளிதில் கிடைப்பது சவுக்குதான்.

வெட்டுவாயில் காற்று புகுந்தால், நீர் ஏறும் நுண்குழாய்கள் அடைபடும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் அடித்தண்டில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு, உடனே தண்ணீர் வாளியில் நிறுத்துங்கள். சாயாமலிருக்கச் செங்கல் துண்டுகளைப் போட்டு இறுக்குங்கள். வெட்டிய முனை எப்போதும் தண்ணீருக்குள் இருக்கட்டும். மின்விசிறிக் காற்றும் ஜன்னல் வெயிலும் படாத மூலையே நல்லது.

தினமும் ஒரு நுனியை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது. கணுக்கணுவாக ஒடிந்து உதிர்ந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். சவுக்கு நாம் அடுப்பெரித்த விறகு. காய்ந்தால் சட்டென்று பற்றும். அதன் அருகில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். எல்.இ.டி. விளக்குச்சரம் போதும், அதையும் தூங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை, மரத்தை வேறொரு வாளித் தண்ணீரில் நிறுத்திவிட்டு, இந்த வாளியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே துணியால் மூடிக் கட்டுங்கள். பண்டிகை வீட்டில் காய்ச்சலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.