இருப்புப்பாதைக்கு யார் கொடுத்த விலை?

(திருவாலங்காட்டில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில், 1856 ஜூலை முதல் நாள், இராயபுரத்தில் புறப்பட்டு, நமது திருவாலங்காட்டு வழியாகத்தான் வாலாஜா ரோடு சென்றது. 1862-இல் அந்தப் பாதை மேலைக் கரையிலுள்ள பேப்பூரைத் தொட்டது. கடலுக்குக் கடல் பாதை!

வெள்ளையன் தந்த கொடை என்பர் சிலர். கொடையா? கணக்கைப் பாருங்கள். சென்னை இரயில்வே கம்பெனியின் முதல், இலண்டனில் திரட்டிய முதல். நிலம் இலவசம். போட்ட பணத்துக்கு 5 விழுக்காடு வரை வட்டி உறுதி. வண்டி ஓடி அவ்வளவு வருவாய் வராவிட்டால், குறையை ஈடுசெய்வது இந்தியக் கருவூலம்! அதை நிரப்பியவன் யார்? நிலவரி கட்டிய உழவன். உப்புக்கும் வரி கொடுத்த ஏழை. நட்டத்துக்கு அஞ்ச வேண்டாத முதலாளிக்குச் சிக்கனம் எதற்கு? இறுதியில், 1907 முடிவில், அரசு அந்தப் பாதையை விலை கொடுத்தே வாங்கியது. வட்டியும் நம்முடையது, விலையும் நம்முடையது!

1876-இல் தாது வருடப் பஞ்சம் வந்தது. கப்பலில் வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலையெனக் குவிந்தது. இரயிலும் ஏற்றிச் சென்றது. ஆனால், வாங்கக் காசில்லாதவன் வீட்டு அடுப்பை இரயிலா மூட்டும்? இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

ஆயினும், கம்பெனி எண்ணிப் பாராத ஒரு வேலையை மூன்றாம் வகுப்புப் பெட்டி செய்தது. தெருவில் எதிரே வரக் கூடாதென்று தடுக்கப்பட்டவன், சீட்டு வாங்கி ஒரே பலகையில் அமர்ந்தான். பெட்டியில் தோற்ற சாதி, நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் ஒளிந்துகொண்டது. ‘பிராமணர்’, ‘இதரர்’ என்று அங்கே தொங்கிய பலகைகள், பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின், 1941-இல்தான் இறங்கின.