விளக்கு யாருக்காக?



இன்றைய பேச்சு விளக்கைப் பற்றியது. வீட்டு விளக்கு அல்ல. கார் விளக்கு.

லாந்தர் விளக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் சிம்னியில் கரி பிடித்தால் என்ன ஆகும்? திரி எரியும். எண்ணெய் செலவாகும். ஆனால் வெளிச்சம் மட்டும் வராது. வீட்டில் என்ன செய்வார்கள்? சாம்பலைத் தொட்டுச் சிம்னியைத் துடைப்பார்கள். பளிச்சென்று ஆனதும் மாட்டுவார்கள்.

விளக்கில் கரி இருந்தால் துடைப்பதுதான் வழக்கம். ஆனால் சிலர் காசு கொடுத்து விளக்கைக் கருப்பாக்குகிறார்கள். கார் விளக்கின் மேல் புகை நிறத்தில் பிலிம் ஒட்டுகிறார்கள். ஏன் ஒட்டுகிறார்கள்? ஒட்டினால் என்ன ஆகும்? பார்ப்போம்.

கண்காட்சிக்கு ஒரு கார்

தலைநகர் டெல்லியில் கரோல்பாக் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடைகள் நிறைய. சீட்டு உறை, ஸ்டியரிங் உறை, ஹாரன், ஸ்டிக்கர் எல்லாம் கிடைக்கும். காரை அலங்கரிப்பது இன்று பலருக்கும் ஆசை.

கார்களுக்கென்று கண்காட்சிகளும் நடக்கின்றன. டெல்லியில் பிரகதி மைதானத்தில் பெரிய வாகனக் கண்காட்சி பல ஆண்டுகள் நடந்தது. 2014-ல் அது பக்கத்தில் உள்ள கிரேட்டர் நொய்டாவுக்குப் போனது. அங்கே புதிய கார்களைக் கம்பெனிகள் காட்டின. இதுபோல், சொந்தக் காரை அழகுபடுத்திக் கொண்டுவந்து காட்டும் சிறிய கண்காட்சிகளும் நாட்டில் பல இடங்களில் நடக்கின்றன.

கருப்புக் காரில் சிவப்புப் பின்விளக்கு தனியாகத் தெரியும். அதன்மேல் புகை பிலிம் ஒட்டினால் கார் முழுவதும் ஒரே கருப்பாக இருக்கும். பார்ப்பவர் நின்று பார்ப்பார். படம் எடுப்பார். இந்த ஆசையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசும் நாடு இது. லாரியின் பின்னால் பூவும் மயிலும் வரையும் நாடு இது. வண்டியை அழகுபடுத்துவது நமக்குப் புதிது அல்ல.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கண்காட்சியில் கார் நிற்கிறது. சாலையில் கார் ஓடுகிறது.

விளக்குக்கு இரண்டு வேலை

காருக்கு எதற்கு விளக்கு? "ஓட்டுபவருக்குப் பாதை தெரிவதற்கு" என்று சொல்வீர்கள். அது சரி. ஆனால் அது பாதிதான். மற்றவர் கண்ணுக்கு இந்தக் கார் தெரிய வேண்டும். அது இரண்டாவது வேலை.

பின்விளக்கை எண்ணிப் பாருங்கள். ஓட்டுபவர் அதைப் பார்ப்பதே இல்லை. அது முழுக்க முழுக்கப் பின்னால் வருபவருக்காக எரிகிறது. "இங்கே ஒரு வண்டி போகிறது" என்று சொல்கிறது. பிரேக் பிடித்தால் "நான் நிற்கப் போகிறேன்" என்று சொல்கிறது. இண்டிகேட்டர் "நான் திரும்பப் போகிறேன்" என்று சொல்கிறது. இது விளக்குப் பேசும் பேச்சு. பிலிம் ஒட்டுவது அதன் வாயைப் பொத்துவது போன்றது.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நொடியில் அது எவ்வளவு தூரம் ஓடும்? கிட்டத்தட்ட 17 மீட்டர். இது ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம். முன்னால் போகும் கார் பிரேக் பிடிக்கிறது. பின்விளக்கு மங்கலாக இருக்கிறது. பின்னால் வருபவர் ஒரு நொடி தாமதமாகப் புரிந்துகொள்கிறார். அந்த ஒரு நொடியில் ஒரு பேருந்து நீளத்துக்கு மேல் அவர் முன்னே வந்துவிட்டார். அவர் பைக்கில் வரலாம். பின் சீட்டில் மனைவி இருக்கலாம். மடியில் குழந்தை இருக்கலாம்.

விளக்கு இல்லாத விளக்கு

இனி ஒரு முக்கியமான செய்தி. இதைப் பலரும் அறிவதில்லை.

காரின் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் உண்டு. பல கார்களில் அது பின்விளக்குக் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அதற்குப் பல்பு இல்லை. பாட்டரி இல்லை. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் அதன்மேல் படும். அது அந்த வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்பும். இருட்டில் மாட்டுவண்டியின் பின்னால் சிவப்பு வட்டம் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான்.

இரவில் கார் பழுதாகி நிற்கிறது. பாட்டரி தீர்ந்துவிட்டது. ஒரு விளக்கும் எரியவில்லை. அப்போது அதைக் காட்டிக் கொடுப்பது இந்த ரிப்ளெக்டர்தான்.

இதன்மேல் பிலிம் ஒட்டினால் என்ன ஆகும்? 100 பங்கு ஒளியில் 50 பங்கை மட்டும் விடும் பிலிம் என்று வைத்துக்கொள்வோம். பல்பின் ஒளி ஒரு முறைதான் பிலிமைக் கடக்கிறது. ஆகவே 50 பங்கு வெளியே வரும். ரிப்ளெக்டரில் கணக்கு வேறு. ஒளி உள்ளே போகும்போது ஒரு முறை பிலிமைக் கடக்கிறது. 100 பங்கு 50 ஆகிறது. திரும்பி வரும்போது இன்னொரு முறை கடக்கிறது. 50 பங்கு 25 ஆகிறது. அதாவது பாதி இல்லை. கால் பங்குதான்.

இன்னும் கருப்பான பிலிம் ஒட்டினால்? 30 பங்கு ஒளியை மட்டும் விடும் பிலிம் என்றால், பல்பின் ஒளி 30 பங்கு வரும். ரிப்ளெக்டரின் ஒளி 9 பங்குதான் வரும். நூறில் வெறும் ஒன்பது!

வழிப்பறிக்காரனிடம் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை பணம் கொடுப்பது போல. கையில் என்ன மிஞ்சும்?

பெரிய பல்பு போட்டால்?

"பிலிம் ஒட்டிவிட்டு, பெரிய பல்பு போட்டால் சரியாகிவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள். சரியாகாது.

பிலிம் தடுக்கும் ஒளி எங்கே போகிறது? அது சூடாக மாறுகிறது. பெரிய பல்பு என்றால் சூடு இன்னும் அதிகம். இன்றைய கார் விளக்கின் மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக். அது சூட்டில் கெடலாம். ஒயரும் சூடாகும். ரிப்ளெக்டருக்கோ பல்பே இல்லை. பிறகு எந்தப் பல்பை மாற்றுவது?

பனிக்காலம்

கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ராவுக்கு ஒரு சாலை போகிறது. யமுனா விரைவுச் சாலை என்று பெயர். 2012-ல் திறக்கப்பட்டது. நீளம் 165 கிலோமீட்டர். பனிக்காலத்தில் அந்தப் பக்கம் எல்லாம் மூடுபனி இறங்கும். புகையும் அதோடு சேரும். 2017 நவம்பரில் ஒரு நாள் காலை, அந்தச் சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்டன. முன்னால் இருந்த வண்டி பின்னால் வந்தவருக்குத் தெரியவில்லை. மூடுபனியில் நல்ல விளக்கே மங்கிப் போகும். அதன்மேல் பிலிமும் இருந்தால் என்ன ஆகும்?

2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசு தந்த கணக்கு. அந்த ஆண்டு நடந்த விபத்துகளில், பின்னால் வந்து மோதும் விபத்து ஐந்தில் ஒன்றுக்கு மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் வந்தன. காரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் வேண்டும். அவை 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். இரண்டு சிவப்பு ரிப்ளெக்டர்களும் வேண்டும். இது விதி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதன் 52-வது பிரிவு, வண்டியை உரிமையாளர் தன் விருப்பம்போல் மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் செய்தால், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அபராதத்தைக் கட்டிவிடலாம். போன உயிரைக் கட்ட முடியாது.

ஆசையும் நிறைவேறும், ஆபத்தும் இல்லை

அப்படியானால் கண்காட்சிக்கு அலங்கரிக்கவே கூடாதா? அலங்கரிக்கலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது.

காரைச் சுத்தமான விளக்கோடு கண்காட்சிக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். பிலிமைத் தனியாகச் சுருட்டி எடுத்துப் போக வேண்டும். அங்கே காரை நிறுத்திய பிறகு ஒட்ட வேண்டும். முதலில் விளக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். தூசி இருந்தால் பிலிம் குமிழ் விடும். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பிலிமை வைக்க வேண்டும். ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரம் வரை தள்ளினால் தண்ணீரும் காற்றும் வெளியேறும். வளைந்த இடத்தில் லேசாகச் சூடு காட்டினால் பிலிம் இளகிப் படியும்.

கண்காட்சி முடிந்ததும், காரைக் கிளப்பும் முன், பிலிமை எடுத்துவிட வேண்டும். சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். பசை ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். பெட்ரோலும் தின்னரும் கூடாது. அவை பட்டால் பிளாஸ்டிக் மூடியில் விரிசல் விழும்.

பிறகு ஒருவர் பின்னால் போய் நிற்க வேண்டும். இன்னொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். எல்லா விளக்கும் நன்றாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகே சாலைக்குப் போக வேண்டும்.

கடையில் பிலிம் ஒட்டும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கேட்டவருக்கெல்லாம் ஒட்டிக் கொடுப்பது மட்டும் தொழில் அல்ல. "கண்காட்சிக்கா, சாலைக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சாலைக்கு என்றால், ரிப்ளெக்டர் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள். 100, 50, 25. இது புரியாதவர் யாரும் இல்லை.

சொந்தக் கார் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாடகைக் காரில் ஏறும் முன் அதன் பின்பக்கத்தை ஒரு முறை பாருங்கள். விளக்கு கருப்பாக இருந்தால் ஓட்டுநரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கார் ஒருவருடையது. அதைக் காசு கொடுத்து வாங்கியவர் அவர். ஆனால் பின்விளக்கின் வெளிச்சம் பின்னால் வருபவருடையது. அதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.